ரமணி படித்துக் காட்டிய வரி

"ரமணிய வேலைய விட்டுத் துரத்திவிட்டத நீ கண்ணால பார்த்தியா புஷ்பம்? பார்த்தியா, இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"நான் எங்கக்கா பார்த்தேன்? எல்லாரும் பேசிக்கிறாங்க லா."

"எல்லாரும்னா யாரு? பேரச் சொல்லு. நானே போய்க் கேட்டுக்கறேன்."

கிள்ளான் பாசாரில் மீன்கடை முன்னால் நின்றுகொண்டு புஷ்பவல்லி கணவாயைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கள் வரிசையில் மூன்றாவது வீடு அவளுடையது. முப்பது வருடமாகத் தெரியும். கெட்டவள் இல்லை. வாய் மட்டும் சும்மா இருக்காது.

"இல்லக்கா, அவ்ளோ படிச்ச பிள்ள. பிரிக்பீல்ட்ஸ்ல பெரிய கம்பெனி, ஏர்கோன், பதினோராவது மாடி. இப்பப் பாருங்க, கண்ணாடிக் கடை மாடில வந்து உக்காந்திருக்கா. பாவமா இருக்கு."

திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். பாவம் என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"நீ அந்தக் கணவாயப் பாத்துப் பாவப்படு. முந்தாநாளே செத்தது அது," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. அதனால்தான் இதைச் சொல்கிறேன்.

ரமணி என் மருமகள். என் ஒரே மகன் குருவின் மனைவி. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லக் குருதான் எழுதுகிறான். தன் பெண்டாட்டியைப் பற்றி என்பதால் நடுநடுவே வெட்கப்பட்டுப் பேனாவை வைத்துவிடுகிறான். எழுதுடா என்று அதட்டி எழுத வைக்கிறேன்.

கண்ணாடிக் கடை மாடியில் என்ன நடக்கிறது என்று புஷ்பவல்லி ஏறிப் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். ரமணி லாயர், அது அவள் ஆபீஸ். யாராவது வந்து உட்கார்ந்தவுடன் முதலில் விலையைச் சொல்லிவிடுவாள். இந்த வேலைக்கு இவ்வளவு, நடுவில் ஏறாது. ஏறுகிற மாதிரி இருந்தால் அதற்கும் முன்னாலேயே கேட்பாள். துறைமுகத்தில் வேலை பார்க்கிறவர்கள் லீவு போட்டு வர வேண்டாம். தேநீர் குடிக்கிற நேரத்தில் போனிலேயே முகம் பார்த்துப் பேசிவிடலாம். வெள்ளிக்கிழமை ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒரு குரல் செய்தி போகும். "இந்த வாரம் ஒண்ணும் நடக்கல அங்கிள். ஆனா நான் மறக்கல." அவ்வளவுதான் சில வாரம். அதைக் கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறவர்களை எனக்குத் தெரியும்.

எல்லாவற்றையும்விட ஒன்று. எந்தத் தாளாக இருந்தாலும் அதை முழுதாக அவரவர் பேச்சில் படித்துக் காட்டுவாள். படித்து முடித்ததும், "என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க," என்பாள். அவர்கள் சரியாகத் திருப்பிச் சொன்னால்தான் கையெழுத்து, கைநாட்டு எல்லாம். சொல்லத் தெரியாவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

இந்தப் பழக்கத்தால்தான் அந்தப் பெரிய வேலை போனது. ஆனால் துரத்தவில்லை. எப்படிப் போனது என்று முதலிலிருந்து சொல்கிறேன்.

ரமணி டெங்கில் பக்கம் பிறந்தவள். அப்பா லோரி ஓட்டினார். படிப்புக்குக் கடன் வாங்கிச் சட்டம் படித்தாள். கல்யாணம் ஆகி எங்கள் வீட்டுக்கு வந்தபோதே பிரிக்பீல்ட்ஸில் ஒரு லாயர் கம்பெனியில் வேலை. ஒன்பது வருடம் விடியற்காலையில் எழுந்து கிள்ளானிலிருந்து ரயில் ஏறினாள். கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். அந்த அட்டையைப் பார்த்தால் எனக்குப் பெருமை. கோயிலுக்கு வரும்போதுகூட அதைக் கழற்ற வேண்டாமே என்று சொல்லியிருக்கிறேன். எங்கள் வீட்டுக் கடனில் பாதி அவள் சம்பளத்தில்தான் போனது. ஆகவே அவள் வேலையை விட வேண்டும் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. இப்போது பெரிய மனது உள்ளவள் மாதிரி வேஷம் போட மாட்டேன்.

கம்பெனிக்குப் பெரிய வேலை ஒரு பேங்க்கிலிருந்து வந்தது. கடன் வாங்குகிறவர்கள், ஜாமீன் போடுகிறவர்கள் எல்லோரும் வந்து தாளில் கையெழுத்துப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர் வந்தால் கைநாட்டு. அப்போது தாளின் கடைசியில், "இவருக்குத் தமிழில் விளக்கிச் சொன்னேன்" என்று ஒரு லாயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தமிழர் வந்தால் ரமணியைக் கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் பந்திங்கிலிருந்து அய்யாவு வந்தார். எண்பது வயது இருக்கும். இது அவரே ஊரெல்லாம் சொல்லித் திரிகிற கதை, அதனால் நானும் சொல்லலாம். அண்ணன் மகன் லோரி வாங்கித் தொழில் தொடங்கப் போகிறான், சாட்சிக்கு ஒரு கைநாட்டு வேண்டும் என்று அழைத்து வந்திருக்கிறான். அய்யாவு கட்டைவிரலில் மையைத் தடவிக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார். ரமணி நாற்பது பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்கியிருக்கிறாள்.

"அவன் கட்டலன்னா யாரு கட்டணும்னு இங்க போட்டிருக்கு தெரியுமா தாத்தா?"

"யாரு?"

"நீங்க."

"நான் சாட்சி தானேம்மா?"

"சாட்சி இல்ல, ஜாமீன். உங்க வீட்டையும் இதுல எழுதியிருக்கு."

அய்யாவு மை பூசிய விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மையோடு அந்தச் சட்டை இன்னும் இருக்கிறதாம், எடுத்து எடுத்துக் காட்டுகிறார். அண்ணன் மகன் கத்தினான். பேங்க்காரர்கள் கேட்டார்கள். அன்று சாயங்காலம் கம்பெனியின் பெரிய லாயர் கென்னத் ரமணியைக் கூப்பிட்டார்.

கென்னத்தைப் பற்றித் தப்பாகச் சொல்ல மாட்டேன். அவரும் தமிழர்தான், ரயில்வே குடும்பத்துப் பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பாடுகிறவர். குருவுக்குக் காலில் அறுவை செய்தபோது பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்தார்.

"நம்ம பேங்க் பக்கம் ரமணி," என்றாராம். "அந்தப் பெரியவருக்குச் சந்தேகம்னா அவரு வேற லாயரப் பார்க்கணும். நீ அஞ்சு நிமிஷத்துல சுருக்கமாச் சொல்லிட்டுக் கையெழுத்துப் போடு. ரெண்டு மணி நேரம் கதை சொல்ல வேணாம்."

"விளக்கிச் சொன்னேன்னு நான் எழுதறேன் இல்ல மிஸ்டர் கென்னத்? விளக்காம எப்படி எழுதறது?"

போ, பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்.

ரமணி வீட்டுக்கு வந்து யோசித்தாள். பெரியவர்கள் கம்பெனிக்கு வந்து உட்கார்ந்த பிறகு படித்துக் காட்டினால்தானே நேரம் ஆகிறது, கோபம் வருகிறது? வீட்டிலேயே முன்கூட்டிக் கேட்டுவிட்டு வந்தால்? ஜாமீன் என்றால் என்ன என்று ஒரு குரல் பதிவு செய்து வைத்துவிட்டால், கென்னத்திடம் காட்டி அனுமதி வாங்கி, வருகிற ஒவ்வொருவருக்கும் அனுப்பலாம். அதைச் சரிபார்க்க எழுத்து தெரியாத ஒரு காது வேண்டும். அந்தக் காது நான்.

நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருப்பேன். அவள் யார் பேரும் எழுதாத ஜாமீன் தாளைக் கையில் வைத்துக்கொண்டு படிப்பாள்.

"கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பு, அத்தை."

"புரியல."

"ரெண்டு பேரும் சேர்ந்து கட்டணும்."

"சேர்ந்து கட்டுனா பாதி பாதி தானே?"

"இல்ல. அவன் ஓடிட்டா முழுசும் நீங்க."

"அப்ப அதச் சொல்லு! கூட்டு, பொரியல்னு எதுக்குச் சமையல் பண்ற?"

சிரித்துவிட்டு மாற்றி எழுதுவாள். ஒரு மாதம் இப்படிப் போனது. எனக்கு நெத்திலி தீர்ந்தது, அவளுக்குத் தாள் தீர்ந்தது. கடைசியில் ஆறு நிமிடத்தில் ஒரு பதிவு. வணக்கம் சொல்லி, லாயர் ரமணி என்று தன் பேரைச் சொல்லி, ஜாமீன் என்றால் என்ன என்று சொல்லி, முடிவில் இப்படி: "கைநாட்டு வைக்கறதுக்கு முன்னால, முழுசாத் தமிழ்ல படிச்சுச் சொல்லுங்கன்னு கேளுங்க. கேக்கறதுக்கு உங்களுக்கு உரிமை இருக்கு. படிக்கலன்னா விரல நீட்டாதீங்க."

அதை என் போனுக்கு அனுப்பி, "இன்னொரு தடவை நிதானமாக் கேட்டுட்டுச் சொல்லுங்க அத்தை," என்றாள். யாருக்கும் அனுப்பாதீர்கள் என்று சொன்னாளா இல்லையா என்று வீட்டில் இன்னும் வழக்கு நடக்கிறது. சொல்லவில்லை என்பது என் கட்சி. சொன்னாள் என்று குரு இப்போதுகூட முணுமுணுக்கிறான். அதை எழுத வேண்டாம்.

போனில் எங்கள் கோயில் பெண்கள் குழுவில் அறுபத்து மூன்று பேர். பாதிப் பேர் என்னைப் போலத்தான். எழுத்து வந்தால் தாண்டிப் போவோம், குரல் வந்தால் கேட்போம். படத்தைப் பார்த்து ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். அன்று சாயங்காலம் அந்தப் பதிவைக் கேட்டேன். எவ்வளவு தெளிவாக இருந்தது தெரியுமா? என் மருமகள் பேசுகிறாள், எனக்கே முழுதாகப் புரிகிறது. என் கைநாட்டு எத்தனையோ தாளில் இருக்கிறது. ஒன்றிலாவது என்ன எழுதியிருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பெருமையிலும் அந்தக் கோபத்திலும் விரல் அழுத்தினேன். பதிவு குழுவுக்குப் போய்விட்டது.

குழுவிலிருந்து பந்திங் போனது. அங்கிருந்து எங்கெங்கோ போனது. அம்மா மகளுக்கு, மகள் வேலை செய்கிற இடத்துக்கு. பத்து நாளில் கம்பெனிக்கு வந்த மூன்று கிழவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து, கையை மடியில் வைத்துக்கொண்டு, "முழுசாப் படிங்க," என்றார்கள். ஒரு பாட்டி கென்னத்தின் மேசையிலேயே போனை வைத்து ரமணியின் குரலைப் போட்டுக் காட்டினாள். "இந்தப் பொண்ணு சொல்லுது பாருங்க சார். யாரோ நல்ல பொண்ணு."

பேங்க்கிலிருந்து கடிதம் வந்தது. உங்கள் லாயரே எங்கள் ஆட்களைத் தடுக்கிறாரா என்று.

ரமணி அன்று வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். குருவிடம் மெதுவாகச் சொல்வதைக் கேட்டேன். வெளியே அனுப்பியது யார் என்று கென்னத் கேட்கிறார். அவள் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் அவள்தான் அனுப்பினாள் என்று முடிவாகும், லாயர்கள் சங்கம் வரைக்கும் போகலாம். அடுத்த நாள் பத்து மணிக்குப் பதில் வேண்டும்.

அப்போது புரிந்தது எனக்கு, என்ன செய்தேன் என்று. ஒரு வார்த்தை கேட்டாளா என்னை? இல்லை. பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டுப் படுக்கப் போனாள். கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

காலையில் அவள் ரயிலுக்குக் கிளம்பும்போது நானும் சேலை மாற்றிக்கொண்டு நின்றேன்.

"எங்க அத்தை?"

"உன் ஆபீஸுக்கு. அனுப்பினது நான். நான்தான் சொல்லணும்."

"வேணாம் அத்தை, நான் பாத்துக்கறேன்."

"நீ பாத்துக்கிட்டது போதும். டிக்கெட் எடு."

கென்னத் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி இழுத்துப் போட்டார். குடிக்க மைலோ வரவழைத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ரமணிக்குத் தெரியாது, நான்தான் அனுப்பினேன், தப்பு என்னுடையது. அவர் முகம் தெளிந்துவிட்டது. உண்மையாகவே அவளைக் காப்பாற்ற நினைத்தார், அதையும் சொல்ல வேண்டும்.

"அப்பாடா! ஆன்டி, இது போதும். இத ஒரு தாள்ல எழுதி நீங்க கைநாட்டு வெச்சா, பேங்க்குக்கு அனுப்பிடறேன். ரமணி மேல ஒண்ணும் வராது."

உடனே தாள் அடித்து வந்தது. ஒரு பக்கம்தான். மைப்பெட்டியும் வந்தது. நான் சும்மா இருக்காமல் கட்டைவிரலை மையில் அழுத்தித் தயாராகத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

"ரமணி, நீயே அத்தைக்குச் சொல்லிடு," என்றார் கென்னத்.

ரமணி தாளை எடுத்தாள். அடுப்படியில் படிக்கிற அதே குரல்.

"ஒண்ணு. அந்தப் பதிவை எனக்குத் தெரியாம நீங்கதான் அனுப்புனீங்க."

"ஆமா."

"ரெண்டு. அத நான் வீட்டுல, என் சொந்த நேரத்துல செஞ்சேன். கம்பெனிக்குச் சம்பந்தம் இல்ல."

"ஆமா. நெத்திலி ஆஞ்சுகிட்டே கேட்டேன்."

அதோடு நின்றாள். தாளையே பார்த்தாள். கென்னத் மேசையில் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கேயே நிறுத்தியிருந்தால் நான் கைநாட்டு வைத்திருப்பேன். கீழே இன்னொரு வரி இருப்பதே எனக்குத் தெரிந்திருக்காது. வேலை இருந்திருக்கும், வீட்டுக் கடன் எப்போதும் போல் போயிருக்கும், சாயங்காலம் ரயிலில் ஒன்றாகத் திரும்பி வந்திருப்போம். யாருக்கும் தெரிந்திருக்காது, அவளைத் தவிர.

ரமணி தண்ணீர் ஒரு மிடறு குடித்தாள்.

"மூணு. அந்தப் பதிவுல நான் சொன்னது சரியில்ல. அத யாரும் நம்ப வேணாம்."

ரமணி தாளிலிருந்து என் பக்கம் திரும்பினாள்.

"இப்ப, என்ன புரிஞ்சுதுன்னு நீங்க சொல்லுங்க அத்தை."

"மொத ரெண்டும் நான் செஞ்சது," என்றேன். "மூணாவது பொய். நீ சொன்னதுல எது தப்பு? ஒரு மாசம் என்னை உக்கார வெச்சுப் படிச்சியே!"

"பொய்னு சொல்ல முடியாது ஆன்டி," என்றார் கென்னத். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டி லா."

"அப்படின்னா தமிழ்ல என்ன ரமணி?"

"இங்க பொய்தான் அத்தை."

கென்னத் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ஆன்டி, வெளிய நாப்பது பேர் உக்காந்திருக்காங்க, பாத்தீங்களா? இந்த பேங்க் போச்சுன்னா அவங்களுக்கு நான் என்ன சொல்றது? ஒரு வரிதானே?"

அவர் சொன்னதும் எனக்குப் புரிந்தது. கோபம் வரவில்லை. ஆனால் என் விரல் கீழே இறங்க மாட்டேன் என்றது. வைத்தால் பந்திங்கில் அய்யாவுக்கு என்ன சொல்வேன்? கோயில் குழுவில் அறுபத்து மூன்று பேருக்கு என்ன சொல்வேன்? அவள் சொன்னதைக் கேட்டு விரலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்த கிழவர்களெல்லாம் மறுபடி விரலை நீட்ட வேண்டியதுதானா?

"மூணாவத எடுத்துட்டுக் குடுங்க தம்பி. இப்பவே வைக்கறேன்."

"அது இல்லாம பேங்க் ஒத்துக்காது ஆன்டி."

"அப்ப நானும் ஒத்துக்கல."

அவர் ரமணியைப் பார்த்தார். "நீ சொன்னா உங்க அத்தை கேப்பாங்க."

"கேப்பாங்க," என்றாள் ரமணி. "அதனாலதான் சொல்ல மாட்டேன்."

அவள் தாளை மடிக்காமல், கசக்காமல், அவர் பக்கமாகத் திருப்பி வைத்தாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள். "ராஜினாமா லெட்டர் சாயங்காலம் அனுப்பறேன் மிஸ்டர் கென்னத். என் ஃபைல் எல்லாத்தையும் வரிசையா எழுதிக் குடுத்துடறேன், யாரும் தேட வேணாம்."

"ரமணி, மூணு மாசம் நோட்டீஸ் இருக்கு. அவசரப்படாத. போய் எங்க என்ன செய்யப் போற?"

"தெரியல. படிச்சுக் காட்டற எடமா ஒண்ணு வெப்பேன்."

கென்னத் என் விரலைப் பார்த்துவிட்டு, மேசையிலிருந்த திசுத்தாள் பெட்டியை என் பக்கம் தள்ளினார். துடைத்தேன். மை பாதிதான் போனது.

அந்த நாற்பது பேரின் நடுவில் ரமணி நடந்தாள். ஒவ்வொருவர் மேசையாக நின்று, ஏதோ சொல்லி, கை கொடுத்தாள். ஒரு மலாய்ப் பெண் அழுதுவிட்டாள். நான் பின்னால் போனேன். அவளைத் தடுத்திருக்கலாமோ, வீட்டுக் கடனுக்கு என்ன செய்வோம், குருவிடம் யார் சொல்வது என்று மனது அடித்துக்கொண்டது. கண்ணாடிக் கதவை அவளே இழுத்துத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டாள்.

லிஃப்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எண்கள் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டு வந்தன. எண் மட்டும் எனக்குத் தெரியும்.

"பயமா இருக்கு அத்தை," என்றாள்.

"எனக்கும்தான்," என்றேன். "நட."